முதல் படியில் இருந்த பொட்டு

ஏம்பலத்து ஆண்டாளுக்கு ஊரில் இன்னொரு பெயர் உண்டு: பராக்கு. களை எடுக்கப் போனால் களை ஒரு பக்கம் கிடக்கும், இவள் கண் மேகத்தில் கிடக்கும். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்திருக்கும், இவள் ஜன்னலோரம் நின்று கொக்குக் கூட்டம் ஏரிப் பக்கம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "இன்னாடி ஆண்டாளு, எந்த ஊர்ல இருக்கற?" என்று மாமியார் நாகம்மாள் ஒரு கையை வீசிச் சத்தம் போட்டால்தான் தரைக்கு வருவாள். இதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. சிலருக்குப் பிறவியிலேயே கழுத்து மேல்பக்கமாகத்தான் வளைகிறது, என்ன செய்ய?

அப்படிப்பட்டவள் கண்ணெதிரே ஒரு டவர் கிரேனைக் கொண்டுவந்து நட்டால் என்ன ஆகும்?

பாகூர் போகிற சாலையில், அவர்களுடைய கரும்புக் கொல்லையை ஒட்டினாற்போல் பல்கலைக்கழகம் ஒரு தொழில்நுட்பப் பயிற்சி மையம் கட்ட ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் காலையில் ஆண்டாள் கொல்லைக்குப் போனபோது வேலிக்கு அந்தப் பக்கம் மஞ்சள் நிறத்தில் அது நின்றது. பனைமரமெல்லாம் அதன் முழங்காலுக்குக் கூட வரவில்லை. உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்குள் ஒரு ஆள். அவ்வளவு தூரத்தில் அவன் முகம் தெரியவில்லை, சட்டை மட்டும் நீலமாகத் தெரிந்தது. ஆண்டாள் கையில் இருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். பார்த்தாள், பார்த்தாள், வெயில் ஏறும் வரைக்கும் பார்த்தாள்.

அவளை மிகவும் பிடித்துக்கொண்டது சாயங்கால வேளைதான். வேலையாட்கள் போன பிறகு, கூண்டிலிருந்து ஆள் இறங்கிய பிறகு, அந்த நீண்ட கை தானாகத் திரும்பும். யாரும் தொடாமல், சத்தம் இல்லாமல், கடல் பக்கம் இருந்த மூக்கு மெல்ல மெல்ல ஏரிப் பக்கம் வந்து நிற்கும்.

"ஏங்க, அதுல யாரோ குந்திக்கினு இருக்காங்க போல. தானா திரும்புது பாருங்க," என்றாள் புருஷனிடம்.

ஜெகநாதன் சாதுவான மனுஷன். மோட்டாரை நிறுத்திவிட்டு அவனும் நிமிர்ந்து பார்த்தான். "காத்துல திரும்புது. உனுக்கு வேற வேலையே இல்லியா?" என்றான். சொல்லிவிட்டு அவனும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

அதன் பிறகு ஆண்டாளின் கனவுக்கெல்லாம் ஒரே இடம்தான். அவள் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறாள். கீழே கரும்பு ஒரு பச்சைத் துணியாகக் கிடக்கிறது. அவள் கை நீளமாக, மஞ்சளாக இருக்கிறது. அதை நீட்டிக் கிழக்கே நல்லவாட்டுக் கடலில் ஒரு படகைத் தொடுகிறாள், பாகூர் ஏரியில் விரலை நனைக்கிறாள், ஒரு மேகத்தை நகர்த்தி நெல் காய்கிற களத்துக்கு வெயில் விடுகிறாள். விழித்த பிறகும் தோளில் அந்தக் கனம் இருக்கும். காபி போடும்போது கூடச் சர்க்கரை டப்பாவை மெதுவாகத் தூக்கி, மெதுவாகத் திருப்பி, மெதுவாக இறக்குவாள். வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

கட்டடம் முடிந்தது. கிரேனைக் கழற்ற ஆரம்பித்தார்கள். அன்றைக்கு ஆண்டாளுக்குச் சோறு இறங்கவில்லை. சொந்தக்காரர் யாரோ ஊரை விட்டுப் போவதுபோல வேலியோரம் நின்று அழுதாள் என்றால் நம்புவீர்களா? அழுதாள். ஆனால் பாருங்கள், அது போகவில்லை. உயரத்தைப் பாதியாகக் குறைத்து, மையத்தின் பின்பக்க மைதானத்தில் மறுபடி நிறுத்தினார்கள். பயிற்சிக்கு வைத்துக்கொண்டார்களாம். சோலார், வெல்டிங், ட்ரோன், டவர் கிரேன் எல்லாம் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள், பெண்களும் சேரலாம் என்று ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஆண்டாள் பன்னிரண்டாவது தேறியவள். வயசு முப்பத்துநாலு. அதற்கும் தடை இல்லை என்று மைக்கே சொல்லிவிட்டது.

அன்றைக்குச் சாப்பிடும்போது பேச்சை எடுத்தாள். கெட்ட நேரம் பார்த்து எடுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கொழுந்தன் செந்தில்நாதன் அன்றைக்குத்தான் ஒரு யோசனையோடு வந்திருந்தான். பாகூர் கடைவீதியில் அவனுக்கு மளிகைக் கடை. கடையில் நம்பிக்கையான ஆள் வேண்டும், அண்ணி வந்து உட்கார்ந்தால் நல்லது என்று அவன் சொல்லி முடிக்கவும், இவள் கிரேன் என்று ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது.

"கிரேனா?" என்றான் செந்தில்நாதன். "அண்ணி, நீ இன்னா சொல்ற? மேல ஏறியா?"

"மேல ஏறினாத்தானே ஓட்ட முடியும், தம்பி."

நாகம்மாள் சோற்றுக் குண்டானை ஓரமாக வைத்தாள். "பராக்கு பாத்துக்கினே பால வுடறவ, அவ்ளோ ஒசரத்துல குந்திக்கினு கல்ல வுட்டா கீழ இருக்கறவன் கதி இன்னாடி ஆவறது?"

ஆண்டாள் எழுந்து போகவில்லை. தட்டைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எதற்கும் பிடிவாதம் பிடிக்காதவள். ஜெகநாதன் அம்மாவைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான், கடைசியில், "ஒரு தபா போய்த்தான் பாக்கட்டுமே," என்றான்.

"ஒரு தபாதான்," என்றாள் நாகம்மாள். "பாஸாயிட்டா உன் இஷ்டம். ஆவலன்னா பேசாம கடைக்கி போயிடணும். அப்பால கிரேனு கிரேனுன்னு இந்த வூட்ல பேச்சு வரக் கூடாது. சரியா?"

"சரி அத்த," என்றாள் ஆண்டாள். வாக்கு கொடுத்தாயிற்று. கூண்டா, கடை ஸ்டூலா என்பது ஒரே ஒரு பரீட்சையில் இருந்தது.

பயிற்சியில் இருந்த நாட்களை ஆண்டாள் தரையில் கழித்தாள் என்று சொல்ல முடியாது. முதலில் சிமுலேட்டர். குளிர்ந்த அறையில் ஒரு நாற்காலி, இரண்டு கைக்கும் இரண்டு லிவர், கண்ணுக்கு ஒரு கருப்புக் கண்ணாடி. மாட்டிக்கொண்டால் ஒரு ஊர் தெரியும். ஆளே இல்லாத, தூசியே இல்லாத ஊர். பையன்களுக்கு அது தலையைச் சுற்றியது. ஆண்டாளுக்கோ பழகின இடத்துக்கு வந்த மாதிரி இருந்தது. கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் மற்றவர்கள் உடனே கழற்றுவார்கள். இவளைத் தோளில் தட்டித்தான் கூப்பிட வேண்டும்.

பயிற்சியாளர் தமிழ்க்குமரன் மணப்பட்டுக்காரன். இளம் வயசு, குரல் மட்டும் பெருசு. சுமை ஊஞ்சல் ஆடும்போது அதை இழுத்து நிறுத்தப் பார்க்கக் கூடாது, அது போகிற பக்கமே கையையும் கொண்டுபோய் அடக்க வேண்டும் என்று அவன் தொண்டை கட்டக் கட்டச் சொல்லுவான். பிள்ளை தூங்கின பிறகு தூளியை நிறுத்துவதும் அப்படித்தான் என்று ஆண்டாள் மனசுக்குள் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் வழியில் தடையாக வைத்திருந்த டிரம்மை நாலைந்து தடவை இடித்துத் தள்ளி, நன்றாகத் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டாள்.

ஒரு நாள் வேலை முடித்து இறங்கும்போது தமிழ்க்குமரன் சொன்னான், "எறங்கறதுக்கு முன்னாடி திரும்பற பிரேக்க எடுத்துடணும்க்கா. காத்துக்கு வுட்டுடணும். கட்டிப்போட்டா காத்து அடிக்கும்போது சாஞ்சிடும்."

ஆண்டாளுக்கு மெய் சிலிர்த்துவிட்டது. அப்படியானால் அந்தச் சாயங்காலமெல்லாம் அதை யாரோ வேண்டுமென்றே காற்றிடம் விட்டுவிட்டுத்தான் போனார்கள்! அன்றைக்கு அவளே பிரேக்கை எடுத்தாள். கூண்டு மெதுவாக நகர்ந்தது. ஏரி வந்தது, ஏம்பலம் வந்தது, கரும்பு வந்தது, தென்னந்தோப்புக்கு மேலே ஒரு கோடாகக் கடல் வந்தது. எதுவும் அவள் செய்யவில்லை. இறங்க மனசே வரவில்லை.

ஒரே தொல்லை அந்த ஷூதான். விரல் பக்கம் இரும்பு வைத்த கருப்பு சேஃப்டி ஷூ. கனமோ கனம். நாகம்மாளுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "ஆம்பள செருப்ப வாசல்ல வுடாத, மாட்டுக்கொட்டாய்ல போடு," என்றுவிட்டாள். நாகம்மாளுக்குச் செருப்பு விஷயத்தில் கண்டிப்பு அதிகம். ஆண்டாள் புதுப்பெண்ணாக வந்த வருஷம் மாட்டுப் பொங்கலன்று, பொட்டு வைத்துக் கிடந்த மண்வெட்டியைத் தெரியாமல் செருப்புக் காலோடு தாண்டிவிட்டாள். "சோறு போடறத செருப்பு காலால தாண்டுவியாடி? உன் ஆத்தா வூட்ல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று நாகம்மாள் தெருவே கூடும்படி ஒரு பாட்டு பாடினாள். அன்றைக்கு அவள் பட்ட அவமானம் கொஞ்சமில்லை. அதன் பிறகு பொட்டு வைத்த எதன் பக்கமும் ஆண்டாளின் செருப்பு போனதில்லை.

பரீட்சைக்கு நாள் குறித்தவர்கள் எங்கிருந்து குறித்தார்களோ, ஆயுத பூஜை முடிந்த கையோடு குறித்துவிட்டார்கள். பூஜையன்று மைதானத்தில் ஒரே கொண்டாட்டம். கிரேனுக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று, மாலை, பொரி, பூசணிக்காய். தமிழ்க்குமரனே குளித்துப் பட்டை போட்டுக்கொண்டு வந்து, ஏணியின் முதல் படியில் சந்தனம் தடவி, நடுவில் அகலமாகக் குங்குமம் வைத்தான். "டேய், ஷூவ கயட்டிட்டு வாங்கடா கிட்ட!" என்று அன்றைக்கு அத்தனை பேரையும் விரட்டியதும் அவன்தான்.

பரீட்சை நாளில் மாலை வாடித் தொங்கியது. பொட்டு அப்படியே இருந்தது. சென்னையிலிருந்து வந்த பரீட்சை அதிகாரி மைதானத்தின் அந்தக் கோடியில் நிழலுக்குக் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தார். கான்கிரீட் கட்டையை ஒரு வட்டத்திலிருந்து தூக்கி, டிரம்களைச் சுற்றிக் கொண்டுபோய், இன்னொரு வட்டத்தில் வைக்க வேண்டும்.

பையன்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். ஏணிக்கு வந்ததும் ஒவ்வொருவனும் ஒரு நொடி நின்றான். பிறகு காலை அகட்டி, பொட்டு இருந்த படியை விட்டுவிட்டு இரண்டாம் படியில் ஷூவை வைத்து ஏறினான். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எல்லாரும் நம் ஊர்ப் பிள்ளைகள், சொல்ல வேண்டியதும் இல்லை.

ஆண்டாள் முறை வந்தது. ஆண்டாள் குள்ளம். இரண்டாம் படிக்கு அவள் கால் எட்டவில்லை. கையால் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள், அப்போதும் எட்டவில்லை. குங்குமம் அவளையே பார்ப்பது போல இருந்தது. அங்கே விசில் ஊதிவிட்டார்கள். யோசிக்க நேரம் ஏது? சட்டென்று குனிந்து ஷூவைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள், படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், வெறுங்காலோடு ஏறினாள்.

மேலே அவள் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. கட்டை எழுந்தது, ஆடாமல் திரும்பியது, டிரம்களைச் சுற்றிப் போய் வட்டத்துக்குள் இறங்கியது. கீழே பையன்கள் விசில் அடித்தார்கள். ஆண்டாளுக்கு நெஞ்சு நிரம்பிவிட்டது. பிரேக்கை எடுத்துக் காற்றிடம் விட்டுவிட்டு இறங்கி வந்தாள். ஏணியடியில் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். அவர் பார்த்தது அவள் முகத்தை அல்ல, காலை.

தமிழ்க்குமரன் ஓடி வந்தான். "சார், பூஜை பொட்டு சார், அதான்..."

"பூஜையை நான் தப்பே சொல்லல," என்றார் அவர். நல்ல மனுஷன்தான், குரலில் கோபம் இல்லை. "மேல இரும்புப் படியில கால் வழுக்கியிருந்தா? ஒரு போல்ட் விழுந்திருந்தா? மன்னிச்சுக்கோம்மா. இதுல என்னால எதுவும் செய்ய முடியாது."

வீட்டில் ஆண்டாள் ஒரே வார்த்தைதான் சொன்னாள், "ஃபெயில்." ஏன் என்று யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. சொன்னால் நாகம்மாள்மேல் பழி போடுவது போல ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. ஷூவை மாட்டுக்கொட்டகையில் ஆணியில் மாட்டினாள். மறுநாளே கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள் என்று பேர். கடைக்கு எதிரே இருந்த மாடிக்கு மேலே, தொலைவில், கிரேனின் மூக்கு மட்டும் தெரியும். அது ஏரிப் பக்கம் திரும்பினால் இவள் தலையும் திரும்பும். துவரம் பருப்பு கேட்டவருக்குக் கடலைப் பருப்பு போனது. சீயக்காய் கேட்ட அம்மாள் மல்லித்தூளோடு வீடு போய்ச் சேர்ந்து, திரும்பி வந்து கத்தினாள். செந்தில்நாதன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அண்ணி, கோச்சிக்காத. நீ கடையில இல்லவே இல்ல," என்றான். ஆண்டாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் சொன்னது உண்மைதான்.

பொங்கல் சாமான் வாங்க நாகம்மாள் கடைக்கு வந்திருந்த அன்று, தமிழ்க்குமரன் பைக்கை நிறுத்திவிட்டு வந்தான்.

"அக்கா, பொங்கல் கழிச்சி மறுபடியும் பரீட்ச வெக்கறாங்க. உன் பேர குடுத்துடட்டுமா?"

"வேணாம் சார். வூட்ல வாக்கு குடுத்துட்டேன்."

"அட, ஓட்டத் தெரியாம ஃபெயிலானா பரவால்ல. பொட்டு மேல மிதிக்கக் கூடாதுன்னு ஷூவ கயட்டினதுக்கா ஒருத்தர் கடையில குந்துவாங்க? அந்தப் பொட்ட வெச்சதே நான்தான். எனுக்கு தூக்கம் வரலக்கா."

அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த நாகம்மாள் நிமிர்ந்தாள். ஆண்டாளைப் பார்த்தாள். ஆண்டாள் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. நாகம்மாள் வெல்லத்தைக் கூட எடுத்துக்கொள்ளாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் ஆண்டாள் மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் அடித்துவிட்டுக் கொட்டகைக்குள் வந்தாள். வழக்கம்போல நாகம்மாள் தரையை மெழுகிக் கோலம் போட்டு, மண்வெட்டி, அரிவாள், கரும்பு வெட்டுகிற கத்தி, மருந்தடிக்கிற மெஷின் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் மஞ்சள், குங்குமம். வரிசையின் கோடியில் ஆண்டாளின் சேஃப்டி ஷூ இருந்தது. துடைத்துப் பளபளவென்று, ஜோடியாக, ஒவ்வொன்றின் மூக்கிலும் ஒரு பொட்டோடு.

பின்னாலேயே வந்த செந்தில்நாதன் திகைத்துப் போனான். "யம்மா! செருப்புக்கு யாராச்சும் பொட்டு வெப்பாங்களா?"

"நான் வெச்சிட்டன். உனுக்கு இன்னா இப்போ?" என்றாள் நாகம்மாள். பிறகு ஆண்டாள் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கி தெருவுல வெச்சி உன்ன கத்தினனே, அத இன்னுமாடி நெஞ்சுல வெச்சிக்கினு இருந்த? இதுக்கும் பொட்டு வெச்சாச்சு. இனிமே அந்தப் படியும் இதுவும் ஒண்ணுதான். கயட்டாம ஏறு."

ஆண்டாள் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். நாகம்மாள் சூடத்தை ஏற்றி எல்லாவற்றுக்கும் காட்டினாள், ஷூவுக்கும் காட்டினாள்.

பரீட்சைக்கு அதே அதிகாரிதான் வந்தார். இந்தத் தடவை ஏணியடியிலேயே நின்றுகொண்டார். ஆண்டாளின் ஷூவில் மங்கலாக ஒட்டியிருந்த குங்குமத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், என்னவோ கேட்க வாயெடுத்தார், பிறகு கையால் ஏறச் சொன்னார். ஆண்டாள் முதல் படியில் காலை வைத்தாள். அங்கே பழைய பொட்டின் கறை இன்னும் இருந்தது. ஷூவின் பொட்டும் படியின் பொட்டும் ஒரு நொடி சேர்ந்திருந்தன. அடுத்த படிக்குப் போனாள்.

மேலே பனி இன்னும் கலையவில்லை. கரும்புக்கு மேலே ஒரு வெள்ளைப் படலம் மிதந்தது, ஏரி எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கட்டை அந்த வெண்மைக்குள் எழுந்து, யாரோ தூக்கத்தில் நடப்பது போலத் திரும்பி, வட்டத்துக்குள் போய் இறங்கியது. கீழே தமிழ்க்குமரன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தான். ஆண்டாள் கொக்கியை மேலே ஏற்றினாள். கூண்டு தங்கள் கொல்லைப் பக்கம் பார்த்து நின்றது.

பனி விலகிய வரப்பில் நாகம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்தாள். வாழ்க்கையில் அவள் அப்படிப் பராக்குப் பார்த்து ஆண்டாள் கண்டதில்லை. லிவரை விட்டுக் கையசைக்கக் கூடாது. அதனால் கொக்கியை மட்டும் ஒரு முழம் இறக்கி, மறுபடி ஏற்றினாள்.

நாகம்மாள் நெற்றியிலிருந்த கையை எடுத்து வீசினாள். அத்தனை உயரத்துக்குச் சத்தம் எட்டாது. ஆனால் அந்த வீச்சைப் பார்த்தாலே போதும், என்ன கேட்கிறாள் என்று ஆண்டாளுக்குத் தெரியும். வருஷக்கணக்காகக் கேட்ட கேள்வி அது.

"இங்கதான் அத்த இருக்கேன்," என்றாள் ஆண்டாள், கண்ணாடிக்குள்ளிருந்து.